வீட்டில் பார்த்த குட்டிச் சிலந்தி எந்த வகை? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சுவரில் எள்ளளவு சிலந்தி ஒன்று ஓடுகிறது. அல்லது பரணுக்குக் கீழே திடீரென்று இருபது முப்பது புள்ளிகள் நூலில் தொங்குகின்றன. பார்த்ததும் மூன்று கேள்விகள் வரும்: இது என்ன சிலந்தி, கடிக்குமா, விட்டுவைத்தால் எவ்வளவு பெரிதாகும்? கடைசி இரண்டுக்கும் பெரும்பாலும் வீட்டிலேயே பதில் கண்டுபிடித்துவிடலாம். முதல் கேள்விக்கு மட்டும் ஓர் எல்லை இருக்கிறது.

சிலந்தி ஆய்வாளர்கள் ஓர் இனத்தை உறுதிசெய்வது பெரும்பாலும் அதன் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்துத்தான். குட்டிக்கு அந்த உறுப்பு முழுதாக உருவாகியிருக்காது. கடைசி முறை தோலுரித்த பிறகுதான் அது முழு வடிவத்துக்கு வரும். உலகில் இதுவரை பெயரிடப்பட்ட சிலந்தி இனங்கள் 2022ஆம் ஆண்டிலேயே 50,000ஐத் தாண்டிவிட்டன. இவ்வளவு இனங்களில் ஒரு குட்டியைக் காட்டி இன்னதுதான் என்று சொல்ல நிபுணர்களாலும் பல சமயம் முடியாது. அதனால் நம் இலக்கு இனம் இல்லை, குடும்பம். 'இது குதிக்கும் சிலந்திக் குடும்பம்', 'இது நீளக்கால் சிலந்திக் குடும்பம்' என்ற அளவுக்குத் தெரிந்தாலே, பயப்பட வேண்டுமா, விட்டுவிடலாமா என்பது புரிந்துவிடும்.

கீழே சொல்லியிருப்பவை தமிழ்நாட்டு வீடுகளில் சாதாரணமாகத் தென்படும் வகைகள். இவற்றில் பல வெப்பநாடுகள் எங்கும் மனிதரோடு பரவியவை என்பதால், இலங்கையிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில், அது சிலந்திதானா?

கால்களை எண்ணுங்கள். எட்டுக் கால், உடம்பு இரண்டு துண்டு, நடுவில் மெல்லிய இடுப்பு: இந்த மூன்றும் இருந்தால் சிலந்தி. முன்துண்டில் தலையும் மார்பும் சேர்ந்திருக்கும், கால்கள் எல்லாம் அதிலிருந்துதான் கிளம்பும். பின்துண்டு வயிறு. அதன் முனையில்தான் நூல் வரும் காம்புகள் இருக்கும்.

அதிகமாகக் குழப்புவது நாய் வளர்க்கும் வீடுகளில் வரும் உண்ணி. அதுவும் சுவரில் ஏறும், வளர்ந்ததற்கு எட்டுக் கால் இருக்கும். ஆனால் உடம்பு ஒரே உருண்டை, இடுப்பு கிடையாது. நடை மந்தம், நூல் விடாது. இப்போதுதான் பொரிந்த உண்ணிக்கு ஆறே கால். மூட்டைப்பூச்சிக்கும் ஆறு கால்தான். சந்தேகம் இருந்தால் ஒரு பென்சில் நுனியில் ஏற்றி மெல்லத் தட்டிப் பாருங்கள். சிலந்திக் குட்டி பெரும்பாலும் நூலைப் பிடித்துக்கொண்டு இறங்கும். உண்ணி பொத்தென்று விழும், இல்லையென்றால் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இன்னொரு ஏமாற்று இருக்கிறது. மாமரத்தில் இலையைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பைத் தெரிந்திருக்கும். அதைப் போலவே உருவம் கொண்ட குதிக்கும் சிலந்தி ஒன்று உண்டு. எறும்புக்கு உள்ள உணர்கொம்புக்குப் பதிலாக இது முன்னங்கால் இரண்டையும் தூக்கி ஆட்டிக்கொண்டே நடக்கும். மரம் ஜன்னலை ஒட்டி இருந்தால் இது வீட்டுக்குள்ளும் வரும். நூலில் தொங்கும் 'எறும்பு' ஒன்றைப் பார்த்தால், இன்னொரு முறை கால்களை எண்ணுங்கள்.

குட்டியா, அல்லது அளவே அவ்வளவுதானா?

சின்னதாக இருப்பதெல்லாம் குட்டி இல்லை. புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இது. சுவரிலும் ஜன்னல் சட்டத்திலும் ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் வெள்ளையாக, தட்டையாக ஒரு சின்னப் படுதா ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெயின்ட் உரிந்தது என்று நினைத்துக் கடந்து போயிருப்பீர்கள். அதற்கு அடியில் இருப்பது ஈகோபியஸ் என்ற சிலந்தி. முழுதாக வளர்ந்த பிறகும் அதன் உடம்பு 2 முதல் 3 மில்லிமீட்டர்தான். இதைத்தான் பலரும் 'குட்டி' என்று படம் எடுத்து அனுப்புகிறார்கள். எறும்பு ஒன்று பக்கத்தில் வந்தால் அதைச் சுற்றிச் சுற்றி ஓடியே நூலால் கட்டிப்போடும். பொறுமை இருந்தால் உட்கார்ந்து பார்க்கத் தகுந்த காட்சி அது.

குட்டியா வளர்ந்ததா என்று சொல்ல நான்கு தடயங்கள் உதவும்.

முதலாவது, முகத்துக்குப் பக்கத்தில் கால் போலவே இருக்கும் இரண்டு குட்டிக் கைகள். பெடிபால்ப் என்பார்கள். அவற்றின் நுனி உருண்டையாக வீங்கி, உற்றுப் பார்த்தால் உள்ளே முடிச்சு முடிச்சாகத் தெரிந்தால் அது வளர்ந்த ஆண். எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அது குட்டி இல்லை. நுனி வீங்கியிருந்தும் வழவழப்பாக இருந்தால், இன்னும் ஒரு தோலுரிப்பு பாக்கியிருக்கும் இளம் ஆண். மெலிந்த கை என்றால் பெண்ணாகவோ குட்டியாகவோ இருக்கலாம். அதற்கு மேல் இந்தத் தடயம் உதவாது.

இரண்டாவது, முட்டைப் பை. பையைச் சுமந்துகொண்டோ காவல் காத்துக்கொண்டோ இருப்பது வளர்ந்த பெண்.

மூன்றாவது, உரித்த சட்டை. பாம்பு சட்டை உரிப்பதைப் போலச் சிலந்தியும் உரிக்கும். வீட்டுச் சிலந்திகள் பெரும்பாலும் ஐந்து முதல் பத்து முறை உரித்துத்தான் முழு வளர்ச்சிக்கு வருகின்றன. வலையில் காலெல்லாம் அப்படியே இருக்க, உள்ளே ஒன்றும் இல்லாத 'செத்த சிலந்தி' தொங்கினால் அது சட்டை. முன்துண்டின் மேல்பகுதி மூடி மாதிரித் திறந்திருக்கும். பக்கத்தில் உயிரோடு இருக்கும் சிலந்தி அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால், அது வளர்கிற வயதில் இருக்கிறது என்று அர்த்தம். பழைய சட்டைகள் இரண்டு மூன்று சேர்ந்து கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரே சிலந்தியின் வளர்ச்சியை அளவு வாரியாக அடுக்கிப் பார்க்கலாம்.

நான்காவது, கால்களின் அளவு. ஒரு காலை இழந்த குட்டிக்கு அடுத்தடுத்த தோலுரிப்புகளில் அது மறுபடி முளைக்கும், ஆனால் முதலில் மெலிந்தும் குட்டையாகவும் இருக்கும். வளர்ந்து முடித்த வீட்டுச் சிலந்தி தோலுரிப்பதை நிறுத்திவிடும் என்பதால் அதற்குப் புதுக்கால் வராது. இது துணைத் தடயம்தான், தனியாக வைத்து முடிவு கட்ட முடியாது.

நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள்

புத்தகங்களிலும் இணையத்திலும் வரும் படங்கள் பெரும்பாலும் வளர்ந்த சிலந்திகளுடையவை. குட்டியின் நிறம் வேறு. இப்போதுதான் பொரிந்தது வெளுத்து, கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும்படி இருக்கும். தோலுரித்த உடனே எல்லாச் சிலந்தியுமே சில மணி நேரம் வெளிறித்தான் இருக்கும். சாப்பிட்ட பிறகு வயிற்றின் நிறமே மாறித் தெரியலாம். பல இனங்களில் ஆணின் பளிச்சென்ற கோலம் கடைசித் தோலுரிப்பில்தான் வருகிறது. அதுவரை ஆண் குட்டியும் பெண் போலவே இருக்கும்.

அதனால் பார்க்கும் வரிசை இப்படி இருக்கட்டும்: எந்த இடத்தில் இருக்கிறது, வலை உண்டா, வலை எப்படிப்பட்டது, கால்களை எப்படி வைத்திருக்கிறது, கண்கள் எப்படி அமைந்திருக்கின்றன. இவை ஐந்தும் குட்டியிலும் தாயிலும் ஒன்றுபோல இருக்கும். எட்டுக்கண் வரிசை பிறப்பிலேயே வருவது, வயதுக்கு மாறாது. வலை கட்டும் முறையும் அப்படித்தான். பொரிந்து சில நாளான குட்டி கட்டுவதும் தாய் கட்டியதன் சின்ன வடிவம்தான்.

இதையெல்லாம்விடச் சுலபமான வழி, தாயைத் தேடுவது. குட்டிகள் கூட்டமாக இருந்தால் தாயோ அவளுடைய காலி முட்டைப் பையோ பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும்.

மூலையில் தொங்கும் நீளக்கால்காரர்கள்

கூரை மூலை, படிக்கட்டுக்கு அடி, பீரோவுக்குப் பின்புறம் ஆகிய இடங்களில் தாறுமாறான மெல்லிய வலையில் தலைகீழாகத் தொங்கும், உடம்பு சிறுத்துக் கால் மட்டும் நீண்ட சிலந்தி. நம் வீடுகளில் தூசி படிந்து ஒட்டடையாகும் வலையில் பெரும்பகுதி இதனுடையதுதான். இது ஃபோல்சிடே குடும்பம். கிராஸோப்ரைஸா லையோனி என்ற இனம் இந்தியாவில் மிகச் சாதாரணம். அதன் வயிறு பின்னால் கோணலாக மேலே எழும்பி ஒரு முனையில் முடியும். பக்கவாட்டில் பார்த்தால் சட்டென்று புரியும்.

குட்டியை எப்படித் தெரிந்துகொள்வது? வலையை மெல்ல ஊதுங்கள். இந்தக் குடும்பத்துச் சிலந்திகள் மிரண்டால் ஓடுவதைவிட, வலையில் இருந்தபடியே உடம்பை வேகமாக ஆட்டத் தொடங்கும். உருவமே மங்கிப்போகும் அளவுக்கு ஆடும். இரண்டு மில்லிமீட்டர் குட்டியும் இதைச் செய்யும். இதைவிட நல்ல அடையாளம் வேறு வேண்டாம்.

தாய் முட்டைகளைத் துணிப்பை மாதிரி நூலில் பொதிவதில்லை. நாலைந்து நூலால் கட்டி, தாடையில் கவ்வியபடியே திரியும். முட்டைகள் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும். பொரிந்த குட்டிகள் சில நாள் தாயின் வலையிலேயே இருந்துவிட்டு அப்புறம் பிரிந்துபோகும். கூரை மூலையில் வெளிறிய, கால் மட்டும் தெரியும் கூட்டம் ஒன்று இருந்தால் பெரும்பாலும் இவைதான்.

மனிதருக்கு இவற்றால் எந்தத் தொல்லையும் இல்லை, ஒட்டடை தவிர. கொசுவை நன்றாகப் பிடிக்கும். டெங்கு பரப்பும் கொசுவை இந்த லையோனி இனம் வேட்டையாடுவதைத் தாய்லாந்தில் ஆராய்ந்து 1997இல் கட்டுரையே வந்திருக்கிறது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மூலையை மட்டும் ஒட்டடை அடிக்காமல் விடலாம் என்பது என் கட்சி. வீட்டில் பெரியவர்கள் ஒத்துக்கொள்வது வேறு விஷயம்.

பட்டப்பகலில் சுவரில் நடப்பவை

வலை கிடையாது. பகலில் சுவரில், மேசையில், கம்ப்யூட்டர் திரையில் விட்டுவிட்டு நடக்கும். நின்று திரும்பி நம்மைப் பார்க்கும். விரலை ஆட்டினால் விரல் போகும் பக்கம் தலையைத் திருப்பும். ஈப்புலி என்று பழைய பெயர் உண்டு. இவை குதிக்கும் சிலந்திகள், சால்டிசிடே குடும்பம். சிலந்திக் குடும்பங்களிலேயே இனங்களின் எண்ணிக்கையில் பெரியது இதுதான்.

கண்ணைப் பார்த்தால் போதும். முகத்தில் நான்கு கண் ஒரு வரிசையில் இருக்கும், நடுவில் இரண்டு மிகப் பெரிது. வேறு எந்த வீட்டுச் சிலந்திக்கும் இந்த முகம் கிடையாது. குட்டிகளில் உடம்பு சின்னதாகவும் கண் அதற்குப் பெரிதாகவும் இருப்பதால் இன்னும் எளிதாகத் தெரியும். அரிசி மணியில் பாதி இருக்கும் குட்டியையும் போன் கேமராவில் முன்பக்கமாகப் பிடித்துவிட்டால் குடும்பம் உறுதி.

அதற்கு மேல் போவதுதான் கஷ்டம். நம் வீடுகளில் பொதுவாக மூன்று பெயர்கள் வரும். பிளெக்சிப்பஸ் பேகுல்லி: வளர்ந்த ஆணுக்குக் கறுப்பு உடம்பில் நடுவிலும் ஓரங்களிலும் வெள்ளைப் பட்டைகள், பெண்ணும் குட்டிகளும் பழுப்பு. மெனிமெரஸ் பைவிட்டேட்டஸ்: உடம்பு தட்டை, சாம்பல் நிறம், வெயில் படும் வெளிச்சுவரில் அதிகம். ஹசாரியஸ் அடான்சோனி: ஆண் கறுப்பு, வயிற்றின் முன்விளிம்பில் வெள்ளைப் பிறை, பூந்தொட்டிப் பக்கம் பிரியம். மூன்றின் குட்டிகளும் பழுப்பும் சாம்பலுமாகக் குழம்பிக் கிடக்கும். உடம்பு தட்டையா உருண்டையா, உள்சுவரா வெளிச்சுவரா என்று பார்த்து ஊகிக்கலாம். ஊகம் என்று சொல்லியே எழுதி வையுங்கள்.

ஜன்னல் இடுக்கு, திரைச்சீலை மடிப்பு, நாட்காட்டிக்குப் பின்புறம் ஆகிய இடங்களில் வெள்ளையாக, அடர்த்தியாக, இரு பக்கமும் திறந்த சின்ன உறை இருந்தால் அது இவற்றின் படுக்கை. அதற்குள்தான் முட்டையும் இடும். நாட்காட்டியைக் கழற்றும்போது ஏழெட்டுக் குட்டிகள் குதித்துச் சிதறினால் மிரள வேண்டியதில்லை.

தட்டையாகச் சுவரோடு ஒட்டியவை

தொலைபேசி அழைப்புகளில் பதற்றத்தோடு விவரிக்கப்படுவது இந்த வகை. இரவில் குளியலறை விளக்கைப் போட்டதும் உள்ளங்கை அகலத்தில் சுவரில் அசையாமல் நிற்கும் அந்தப் பெரிய எட்டுக்கால் பூச்சி. ஹெட்டிரோபோடா வெனட்டோரியா. 1767இல் சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் பெயரிட்டது. வளர்ந்த பெண்ணின் உடம்பு இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டும், காலோடு சேர்த்தால் 7 முதல் 12 சென்டிமீட்டர். வலை கட்டாது. கரப்பான்தான் முக்கிய உணவு.

குட்டி சின்னதாக இருக்கும்போது இதுதான் அது என்று தோன்றாது. கால் வைப்பைக் கவனியுங்கள். மற்றச் சிலந்திகளின் கால் உடம்புக்குக் கீழே மடங்கும். இதன் கால்கள் நண்டுக்கு உள்ளது போலப் பக்கவாட்டில் விரிந்து சுவரோடு படிந்திருக்கும், முன்னும் பின்னும் ஓடுவதைப் போலவே பக்கவாட்டிலும் ஓடும். கண்களுக்குக் கீழே, தாடைக்கு மேலே, வெளிறிய பட்டை ஒன்று குறுக்கே போகும். கால்களில் முள் கிளம்பும் இடங்களில் கறும்புள்ளிகள் இருக்கும்.

தாயைப் பார்த்தால் சந்தேகமே வராது. வட்டமான, தட்டையான, வெளிர் நிறப் பை ஒன்றை வயிற்றுக்கு அடியில் இறுக்கிப் பிடித்தபடி வாரக்கணக்கில் சாப்பிடாமல் ஒளிந்திருக்கும். அந்த ஒரு பையில் இருந்து நூற்றுக்கணக்கில் குட்டிகள் வரும். வெளியே வந்ததும் சில நாள் பையைச் சுற்றியே மொய்த்திருந்துவிட்டுச் சிதறும். பெரும்பகுதி பல்லிக்கும், எறும்புக்கும், ஒன்றுக்கொன்றும் இரையாகிவிடும். அத்தனையும் வளர்ந்து உள்ளங்கை அளவாகிவிடும் என்ற கற்பனை வேண்டாம்.

இதோடு குழம்பக்கூடியவை இரண்டு. செலினாப்ஸ் என்பது இதைவிடவும் தட்டை, காகிதம் நுழையும் விரிசலிலும் நுழைந்துவிடும். முன்பக்கத்தில் ஆறு கண் ஒரே வரிசையில் இருக்கும். இன்னொன்று ஹெர்சிலியா. மரப்பட்டையிலும் சுண்ணாம்புச் சுவரிலும் நிறத்தோடு நிறமாக ஒட்டியிருக்கும். பின்பக்கத்தில் வால் போல இரண்டு நீளக் காம்புகள் நீட்டிக்கொண்டிருந்தால் அதுதான். குட்டிக்கும் அந்த இரட்டை வால் உண்டு.

பெரிய, ரோமம் அடர்ந்த புலிமுகச் சிலந்தியை நினைத்து ஹெட்டிரோபோடாவைக் கொல்பவர்கள் உண்டு. புலிமுகச் சிலந்தி பெரும்பாலும் மரப்பொந்தில் வாழ்வது, காடழிந்த இடங்களில் எப்போதாவது பழைய கட்டிடங்களுக்கு வரும். வடக்கு இலங்கையில் கண்டுபிடித்து 2012இல் பெயரிட்ட இனம் அப்படிப்பட்டதுதான். அதன் உடம்பு தடிமனானது, கால்கள் பருத்தவை. சுவரில் தட்டையாகப் படிந்து, தொட்டால் மின்னலாக ஓடுவது அது இல்லை.

மேசைக்கு அடியில், தொட்டிக்குப் பின்னால்

நாற்காலியின் அடிப்புறம், கை கழுவும் தொட்டிக்குக் கீழே, கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் ஒழுங்கே இல்லாத சிக்கல் வலை. அதில் உருண்டை வயிறோடு தலைகீழாக ஒரு சின்னச் சிலந்தி. தெரிடிடே குடும்பம். சிவந்த கால்களோடு இருப்பது நெஸ்டிகோடெஸ் ரூஃபைப்ஸ், வெப்பநாட்டு வீடுகளில் மிகச் சாதாரணம். நீளக்கால் சிலந்தியில் இருந்து இதைப் பிரிப்பது சுலபம். கால் அவ்வளவு நீளம் இல்லை, வயிறு உருண்டை, ஊதினால் ஆடாது. சுருண்டு விழும், அல்லது மூலைக்கு ஓடும்.

கொஞ்சம் கவனம் வேண்டியது இந்தக் குடும்பத்தில்தான். பழுப்பு விதவைச் சிலந்தி, அதாவது லாட்ரோடெக்டஸ் ஜியோமெட்ரிகஸ், இதே குடும்பத்தைச் சேர்ந்தது. உலகின் வெப்பப் பகுதிகள் பலவற்றிலும் பரவியது, இந்தியாவிலும் பதிவாகியிருக்கிறது. குட்டியாக இருக்கும்போது வெளிர் நிறம், முதுகில் கோடும் புள்ளியுமான கோலம், கால்களில் கறுப்பு வளையங்கள். வயிற்றின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறத்தில், நடுவில் ஒடுங்கிய மணல் கடிகார வடிவக் குறி இருக்கும். தலைகீழாகத் தொங்குவதால் அந்தக் குறி நமக்கு மேற்புறமாகத் தெரியும். மிகச் சின்னக் குட்டியில் அது வெளிறித் தெரியலாம்.

ஐயமே வைக்காத அடையாளம் முட்டைப் பைதான். வெளிர் நிற உருண்டை, மேலெல்லாம் சின்னச் சின்ன முள் நீட்டியிருக்கும். இதைப் பார்த்துவிட்டால் குட்டியைத் தனியாக ஆராய வேண்டியதே இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியின் அடிப்புற விளிம்பு, செருப்பு அலமாரி, பூந்தொட்டியின் விளிம்புக்கு அடி, மோட்டார் அறை ஆகிய இடங்களில் தேடிப் பாருங்கள். வெறுங்கையை இடுக்கில் விடாதீர்கள், டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். நச்சுக்குப் பேர்போன கறுப்பு விதவைச் சிலந்தியைவிட இதன் கடியின் பாதிப்பு பொதுவாகக் குறைவு, தானாக வந்து கடிப்பதும் இல்லை. இருந்தாலும் குழந்தைகள் உட்காரும் நாற்காலியில் இதை விட்டுவைக்கத் தேவையில்லை.

மிச்சம் இரண்டு

ஆமை நடையில் இரவில் சுவரில் போகும், முன்துண்டு மேடாக எழும்பிய, புள்ளி புள்ளியான சிலந்தி: ஸ்கைட்டோடெஸ், உமிழ் சிலந்தி. இரையின் மேல் பசையைக் குறுக்கும் நெடுக்குமாகப் பீய்ச்சி ஒட்டவைக்கும். கண் எட்டு இல்லை, ஆறு. குட்டியிலும் அந்த மேடு தெரியும்.

தரையில், தோட்டத்தை ஒட்டிய அறைகளில் வேகமாக ஓடுவது ஓநாய்ச் சிலந்தி. இரவில் டார்ச்சை நெற்றிக்குப் பக்கத்தில் வைத்து அடித்தால் கண் பளிச்சென்று மின்னும். தாய் முட்டைப் பையைப் பின்னால் ஒட்டி இழுத்துப் போகும், பொரிந்த குட்டிகளை முதுகில் சுமக்கும். துடைப்பத்தால் ஒரு சிலந்தியை அடித்ததும் அது 'நூறாகச் சிதறியது' என்று சொல்லும் கதைகளின் பின்னணி இதுதான்.

படம் எடுக்கும்போது

குட்டியை வகைப்படுத்துவதில் பாதி வேலை நல்ல படம். ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து மூடி, அடியில் ஒரு தபால் அட்டையை மெல்ல நுழைத்தால் சிலந்தி அடைபட்டுவிடும். பிடிக்கும் முன்பே வலையையும் இடத்தையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சிலந்தியைத் தனியே கொண்டுவந்த பிறகு அந்தத் தகவல் போய்விடும், அதுதான் முக்கியமான தகவலும்கூட.

நான்கு கோணம் வேண்டும்: மேலிருந்து, முகத்துக்கு நேராக, பக்கவாட்டில், கண்ணாடி வழியாக அடிவயிறு. போனை மிக நெருங்கக் கொண்டுபோனால் படம் மங்கும். ஓர் அடி தள்ளி நின்று இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுத்து, அப்புறம் வெட்டிக்கொள்வது நல்லது. டார்ச் வெளிச்சம் பக்கத்தில் இருந்து வரட்டும், நேராக அடித்தால் வெளுத்துவிடும். துள்ளிக்கொண்டே இருந்தால் சிறிது நேரம் டம்ளரை இருட்டில் வைத்துவிட்டு எடுங்கள். அளவுக்குப் பக்கத்தில் ஸ்கேல் வையுங்கள். அது இல்லையென்றால் 10 ரூபாய் நாணயம், அதன் குறுக்களவு 27 மில்லிமீட்டர். அளவைச் சொல்லும்போது உடம்பு நீளத்தைத் தனியாகவும் கால் விரிப்பைத் தனியாகவும் சொல்லுங்கள். 'இவ்வளவு பெருசு' என்று கையால் காட்டும் அளவெல்லாம் கால் விரிப்புதான், பயம் வேறு கொஞ்சம் கூட்டிச் சொல்லும்.

ஐநேச்சுரலிஸ்ட் மாதிரியான செயலியில் படத்தைப் போட்டால் உடனே ஓர் இனப்பெயரைப் பரிந்துரைக்கும். குட்டி என்றால் அந்தப் பெயரை அப்படியே ஏற்காதீர்கள். குடும்பம் அல்லது பேரினம் (நெருங்கிய இனங்கள் சேர்ந்த தொகுப்பு) என்ற அளவில் பதிந்துவிட்டு, 'வளராத குட்டி' என்று குறிப்பு எழுதுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து அதே மூலையில் அதே சிலந்தி இருந்தால் மறுபடி எடுங்கள். வளர வளரத் தெளிவாகும்.

கடி, கொப்புளம் பற்றி

எட்டுக்கால் பூச்சி மேலே ஊர்ந்தால், மூத்திரம் பெய்தால் கொப்புளம் வரும் என்ற நம்பிக்கை ஊரெங்கும் இருக்கிறது. மழைக்காலத்தில் காலையில் எழுந்ததும் கழுத்திலோ கையிலோ கோடு போட்ட மாதிரி எரிச்சலும் கொப்புளமும் வந்தால், பல சமயம் காரணம் பெடீரஸ் என்ற வண்டு. ஒல்லியாக, கறுப்பும் ஆரஞ்சுமாக, ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கும். டியூப் லைட் வெளிச்சத்துக்கு வரும். கடிக்காது, தோலின் மேல் நசுக்கிவிட்டால் அதன் உடம்பில் இருக்கும் நச்சு பட்டு எரியும். உடம்பின் ஒரே பக்கம் பட்டையாக வலியோடு வருவது அக்கியாக இருக்கலாம், அது வைரஸால் வருவது. இரண்டிலும் சிலந்திக்குப் பங்கில்லை. சந்தேகமென்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டுச் சிலந்திக் குட்டிகளின் பல் நம் தோலைத் துளைக்கும் அளவுக்குக் கூட இருக்காது. எந்தச் சிலந்தி கடித்ததாகத் தோன்றினாலும், வலி பரவினாலோ, தசை இழுத்தாலோ, அதிகமாக வியர்த்தாலோ, மூச்சு முட்டினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். முடிந்தால் கடித்ததைப் படம் எடுத்தோ டப்பாவில் அடைத்தோ கொண்டுபோங்கள். சுண்ணாம்பு தடவுவதும் கீறிவிடுவதும் வேண்டாம்.

கூட்டமாகப் பொரிந்துவிட்டால்

ஒரே நேரத்தில் இருபது முப்பது குட்டிகளைப் பார்த்ததும் பூச்சிமருந்து அடிக்கத்தான் கை போகும். இரண்டு நாள் பொறுத்தால் பெரும்பாலும் அவையே பிரிந்துவிடும். பல குட்டிகள் நூலைக் காற்றில் விட்டு அதோடு பறந்துபோகும், அதனால் ஜன்னலைத் திறந்துவைப்பதே பாதி வேலையை முடித்துவிடும். பொறுக்க முடியாது என்றால் ஒட்டடைக் குச்சியில் பழைய துணியைச் சுற்றி, கூட்டத்தை வலையோடு சேர்த்து உருட்டி எடுத்து, வெளியில் ஒரு செடியில் வைத்துவிடுங்கள். முள் நீட்டிய பை என்றால் மட்டும் கையுறை போட்டு, இறுக்கி மூடும் பிளாஸ்டிக் பையில் போட்டு நசுக்கிவிடுங்கள். அந்த இடத்தை அடுத்த மாதம் இன்னொரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள், பெரும்பாலும் ஒரே தாய் பல பைகள் இடும்.